பிராசஸர் 100இல் நிற்கிறது, எக்செல் உறைந்துபோகிறது: லேப்டாப்பை மாற்றத்தான் வேண்டுமா?

பாசிக்கணக்கு (தங்கச்சிமடம்)

வணக்கம். எங்கள் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். யார் எத்தனை கிலோ காய்ந்த பாசி போட்டார்கள், முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள், மூங்கிலுக்கும் கயிறுக்கும் பிடித்தம் எவ்வளவு, எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது. 45 நாளைக்கு ஒரு அறுவடை. பணம் பிரிக்கிற அன்று லேப்டாப் படுத்துக்கொண்டால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் என்ன சொல்வது?

லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ5, ரேம் 8 ஜிபி, விண்டோஸ் 10. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று. போட்ட புதிதில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது திறந்தவுடன் ஃபேன் அலறுகிறது, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 என்று சிவந்து நிற்கிறது, எக்செல்லில் ஒரு எண்ணைத் தட்டினால் அது திரையில் வர நேரம் எடுக்கிறது. கடையில் காட்டினேன், "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்றார்கள். மாற்றுகிற நிலைமையில் இல்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

நவபாஷாணம் (தேவிபட்டினம்)

அக்கா, ஒரே வழிதான். கோப்பையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் அடித்துவிடுங்கள். என் லேப்டாப்புக்கு வருடத்துக்கு ஒரு தடவை இதைத்தான் செய்கிறேன்.

உச்சிப்புளி லினக்ஸ் (உச்சிப்புளி)

ஃபார்மேட் அடிப்பதுதான் அடிக்கிறீர்கள், அப்படியே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற ஒரு லினக்ஸும் இருந்தது, யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது அதுதான், 2 ஜிபி ரேம், இன்றைக்கும் அதில் இலகுவான ஒரு லினக்ஸ் போட்டுத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

சாயல்குடி கேமர் (சாயல்குடி)

ரெண்டுமே வேண்டாம். விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான் டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள், தேடல் சேவையை நிறுத்துங்கள், சிஸ்மெயின் என்று ஒன்று இருக்கும் அதையும் நிறுத்துங்கள், அப்டேட்டையும் நிரந்தரமாக நிறுத்துங்கள். பிராசஸர் சும்மா பூஜ்யத்தில் நிற்கும்.

மண்டபம் கேம்ப் (மண்டபம்)

கொஞ்சம் பொறுங்கள் எல்லோரும். என்ன வியாதி என்று கேட்காமலே நாலு பேர் நாலு மருந்து எழுதியாயிற்று. குழுவின் பணக்கணக்கு இருக்கிற கணினியில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வது தப்பு தம்பி, அதுவும் ஊரெல்லாம் சுற்றி வருகிற பென்டிரைவ் சொருகுகிற கணினியில்.

அக்கா, 100 என்பது ஒரு அறிகுறி மட்டும்தான். எது தின்கிறது என்பதுதான் கேள்வி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். திறந்தவுடன் சில நொடிகள் எண் எகிறும், அது டாஸ்க் மேனேஜரே எழுந்திருக்கிற செலவு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். மேலே உள்ள மூன்று பெயர்களை எழுதி அனுப்புங்கள். டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் சிஸ்டம் ஐடில் பிராசஸ் என்று ஒன்று 90க்கு மேல் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிராசஸர் சும்மா இருக்கிற நேரத்துக்கு வைத்த பெயர் அது. அதில் எண் பெரிதாக இருந்தால் நல்லது. பலர் அதைத்தான் வைரஸ் என்று நினைத்து மூடப் பார்க்கிறார்கள்.

அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்று இருப்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் லேப்டாப்பைத் திறந்து வைக்கிறீர்கள், நெட் எதிலிருந்து வருகிறது என்பதும் வேண்டும்.

பாசிக்கணக்கு

பார்த்தேன். மேலே இருப்பது ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள். அதற்குக் கீழே விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர். மூன்றாவது சர்வீஸ் ஹோஸ்ட், அதை விரித்தால் விண்டோஸ் அப்டேட் என்று இருக்கிறது. எக்செல் எங்கேயோ அடியில் கிடக்கிறது.

அப் டைம் வாரக்கணக்கில் காட்டுகிறது, அது எப்படி என்று புரியவில்லை, தினமும் ஷட்டவுன் செய்துதான் மூடுகிறேன். சாயங்காலம் பாசி எடை போட்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் திறப்பேன். நெட் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், வேலை முடிந்ததும் அணைத்துவிடுவேன்.

மண்டபம் கேம்ப்

மேலே நிற்பது டிஃபெண்டரின் வைரஸ் தேடல், மற்ற இரண்டும் அப்டேட்டை இறக்கிப் பொருத்துகிறவை. அப்படியென்றால் உங்கள் லேப்டாப்புக்கு இப்போதைக்குப் பெரிய நோய் எதுவும் தெரியவில்லை, அதற்கு ஓய்வு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் தன் வீட்டு வேலைகளை, அதாவது வைரஸ் தேடுவது, அப்டேட்டை இறக்கிப் பொருத்துவது, பழைய கோப்புகளைக் கழிப்பது, எல்லாவற்றையும் நீங்கள் தொடாத நேரத்தில் செய்யத்தான் திட்டமிட்டிருக்கிறது. நீங்கள் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கிறீர்கள், அந்த ஒரு மணி நேரமும் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் நாள் கடந்துபோன வேலையெல்லாம் நீங்கள் உட்காரும் நேரத்திலேயே வந்து விழுகிறது. ஹாட்ஸ்பாட்டை அணைத்தவுடன் அப்டேட் பாதியில் நிற்கிறது, மறுநாள் மறுபடி எங்கே விட்டோம் என்று தேடுகிறது. இப்படியே ஓடினால் அது முடியவே முடியாது.

ஷட்டவுன் விஷயம்: விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு இயல்பாகவே இயங்கும். ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, அமைப்பின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும், காலையில் அதையே எடுத்து விரிக்கும். அதனால்தான் அப் டைம் குறையவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுதாக இறங்கி ஏறும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். தடையில்லாத நெட் இருக்கிற ஒரு வீட்டில் இரவு முழுக்க சார்ஜரோடு விட்டுவிடுங்கள். படுக்கும் முன்பு பவர் அமைப்பில் தானாகத் தூங்குவதை நிறுத்துங்கள். காலையில் அப்டேட் பக்கத்தில் ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள், திரும்பவும் கேட்டால் திரும்பவும் கொடுங்கள், "எல்லாம் சரியாக உள்ளது" என்று வரும்வரை. அப்புறம் டிஃபெண்டரைத் திறந்து ஒரு முழு ஸ்கேன். இது முடிந்த பிறகும் 100இல் நின்றால் அடுத்ததைப் பார்ப்போம்.

ரேகைக்கடை (கீழக்கரை)

இழையைக் கடத்துகிறேன் என்று திட்டாதீர்கள். நான் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன், இங்கே கேட்டதையே நானும் செய்து பார்த்தேன். எனக்கு மேலே நிற்பது சிஸ்டம் இன்டரப்ட்ஸ், 25க்கும் 30க்கும் இடையில் ஆடுகிறது. அதை மூடவும் முடியவில்லை. கைரேகை வைக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மண்டபம் கேம்ப்

காக்கா, அது மூடக்கூடிய நிரல் இல்லை. கீபோர்டு, மவுஸ், யுஎஸ்பி, நெட் கார்டு போன்ற வன்பொருள் எல்லாம் பிராசஸரைக் கையைப் பிடித்து இழுக்கிற நேரத்தை மொத்தமாக அந்தப் பெயரில் காட்டுகிறார்கள். சாதாரணமாக 1ஐத் தொடாது. 25 என்றால் ஏதோ ஒரு வன்பொருளோ அதன் டிரைவரோ ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கடையில் யுஎஸ்பியில் என்னென்ன சொருகியிருக்கிறீர்கள்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அதுதான் ஆள்.

தொண்டியான் (தொண்டி)

எனக்கு இதைவிட வேடிக்கை. ஃபேன் ஓவென்று கத்தும், என்னவென்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஐந்து பத்து நொடியில் எல்லாம் அடங்கி, பிராசஸர் 3 என்று சாதுவாக நிற்கும். மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தும்.

உச்சிப்புளி லினக்ஸ்

ஆபீஸ் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினீர்களா, இல்லை "ஆக்டிவேட்டர்" ஏதாவது போட்டீர்களா?

தொண்டியான்

பக்கத்துத் தெருப் பையன் போட்டுக்கொடுத்தான். ஏன்?

உச்சிப்புளி லினக்ஸ்

அதனால்தான் கேட்டேன். அந்த மாதிரி உடைத்த மென்பொருளோடு யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டுகிற நிரலும் சேர்ந்து வருவது பழைய கதை. அவற்றில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், திறந்தவுடன் வேலையை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கும். உங்கள் கரண்ட், உங்கள் பிராசஸர், காசு எவனுக்கோ. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைக் கொடுங்கள். கணினியை மறுபடி ஏற்றி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். அந்த ஆக்டிவேட்டரைத் தூக்கி எறியுங்கள், அதே வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம்தான். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றிவிடுங்கள், தோண்டுகிற நிரல் மட்டும்தான் உள்ளே வந்தது என்று எப்படிச் சொல்வது?

பாசிக்கணக்கு

மண்டபம் அண்ணன் சொன்னபடி, ராமநாதபுரத்தில் தம்பி வீட்டில் பிராட்பேண்டு இருப்பதால் அங்கே கொண்டுபோய் இரவு முழுக்கப் போட்டேன். ரீஸ்டார்ட் கேட்டுக்கொண்டே இருந்தது, கொடுத்துக்கொண்டே இருந்தேன். காலையில் எல்லாம் முடிந்தது என்று வந்தது, முழு ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. தம்பி வீட்டிலேயே எக்செல்லைத் திறந்து பார்த்தேன், பறந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து சார்ஜர் போட்டு உட்கார்ந்தால் முன்பைவிட மோசம். 100 இல்லை. பிராசஸர் வெறும் 14, 15 என்றுதான் காட்டுகிறது, அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஃபேனும் சத்தமில்லை. ஆனால் மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டுக் குதிக்கிறது, ஒரு கோப்பு திறப்பதற்குள் டீ போட்டு இறக்கிவிடலாம். 14 விழுக்காடு வேலைக்கா இவ்வளவு அசதி?

சாயல்குடி கேமர்

14தான் என்றால் பிராசஸர் பிரச்சினையே இல்லை அக்கா. எஸ்எஸ்டி போயிருக்கும்.

மண்டபம் கேம்ப்

எஸ்எஸ்டியாக இருக்கலாம், ஆனால் அந்த "14க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது" என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. ஓய்வாக இருக்கிற பிராசஸர் 3க்கும் 40க்கும் இடையில் ஏறி இறங்கும். ஒரே எண்ணில் முட்டி நிற்கிறது என்றால் அதற்கு மேலே கூரை இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வரைபடத்துக்குக் கீழே ஸ்பீடு என்று ஒரு எண், அதன் பக்கத்தில் பேஸ் ஸ்பீடு என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டையும் சொல்லுங்கள். டீடெயில்ஸ் பக்கத்தில் சிஸ்டம் ஐடில் பிராசஸ் எவ்வளவு காட்டுகிறது என்றும் பாருங்கள்.

பாசிக்கணக்கு

பேஸ் ஸ்பீடு 2.71. ஸ்பீடு 0.39, அது அசையவே இல்லை. ஐடில் பிராசஸ் 2, சில நேரம் 0.

மண்டபம் கேம்ப்

மாட்டிக்கொண்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ரிப்பேர் கடைக்காரர்களும் உட்பட. விண்டோஸ் 8 முதல் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்து விழுக்காடு "எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருந்தது" என்ற கணக்கு இல்லை. "அடிப்படை வேகத்தில் ஓடினால் செய்யக்கூடிய வேலையில் எவ்வளவு செய்தது" என்ற கணக்கு. உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகம் 2.71 கிகாஹெர்ட்ஸ். அது 0.39இல் தவழ்கிறது. 0.39ஐ 2.71ஆல் வகுத்துப் பாருங்கள், 14 விழுக்காடு. அதாவது மூச்சு விடாமல் முழு நேரமும் உழைத்தாலும் திரையில் 14தான் வரும். டீடெயில்ஸ் பக்கம் மட்டும் நேரக்கணக்கில் இருப்பதால், அங்கே ஐடில் 0 என்று உண்மையைச் சொல்கிறது: பிராசஸருக்கு ஓய்வே இல்லை. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கணக்காக மாற்றிவிட்டார்கள், உங்களுடையது 10 என்பதால் இந்தக் குழப்பம்.

ஆகவே 100 என்றாலும் 14 என்றாலும் பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் எண் இல்லாமல் அதை நம்பாதீர்கள். இப்போது கேள்வி, யார் அதன் காலைக் கட்டியது? அதிக சூடு ஏறினாலும் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஃபேன் சத்தமில்லை என்கிறீர்கள், திறந்தவுடனேயே 0.39 என்கிறீர்கள், அது சூடு மாதிரி இல்லை. ஒன்று செய்யுங்கள்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டி ஸ்பீடைப் பாருங்கள். தம்பி வீட்டில் எந்தச் சார்ஜர் போட்டீர்கள்?

பாசிக்கணக்கு

பிடுங்கிய சில நொடியில் 2.9க்கு ஏறிவிட்டது!! மறுபடி சொருகினால் 0.39. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கரண்ட் கொடுத்தால் தூங்குகிறது, பிடுங்கினால் ஓடுகிறது.

தம்பி வீட்டில் அவனுடைய சார்ஜர், அதே கம்பெனி, 65 வாட். வீட்டில் இருப்பது லேப்டாப்போடு வந்த பழையது, அதுவும் 65தான். அது நன்றாகத்தான் இருக்கிறது, விளக்கு எரிகிறது.

சாயல்குடி கேமர்

இது எனக்குத் தெரியும், கேமிங் லேப்டாப்பில் நிறையப் பேருக்கு வரும். பிடி பிராக்ஹாட் என்று ஒரு பூட்டு. த்ராட்டில்ஸ்டாப் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, இறக்கி, அதில் பிடி பிராக்ஹாட் என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை. சார்ஜர் போட்டிருந்தாலும் முழு வேகம்.

வயர்லெஸ் பாம்பன் (பாம்பன்)

நான் படகுகளுக்கு வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இந்த யோசனையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தம்பி, நீ சொல்வது படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று மணி அடித்தால் மணியின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குவது.

அந்தப் பூட்டு எதற்கு இருக்கிறது என்று யோசி. போர்டில் இருக்கிற வேறு ஏதோ ஒரு பகுதி "சூடாகிறது" என்றோ "கரண்ட் போதாது" என்றோ கத்தினால் பிராசஸர் அதைக் கேட்டு அடங்குவதற்காக வைத்தது. உருண்டை முனை சார்ஜர்களில் சில கம்பெனிகள் நடுவில் ஒரு மெல்லிய ஊசி வைத்திருக்கும். மின்சாரம் வெளிவட்டத்திலும் உள்வட்டத்திலும் போகும், அந்த ஊசி வழியாகச் சார்ஜருக்குள் இருக்கிற சின்னச் சில்லு "நான் இத்தனை வாட்" என்று லேப்டாப்பிடம் சொல்லும். அந்தப் பேச்சு நின்றுபோனால் லேப்டாப்புக்கு இது 65 வாட்டா, ஏதோ ஒரு டூப்ளிகேட்டா என்று தெரியாது. அதனால் பயந்துகொண்டு பிராசஸரைத் தவழ விடும், பேட்டரியையும் சார்ஜ் செய்யாது. விளக்கு எரியும், ஏனென்றால் மின்சாரம் வருகிறது, பேச்சுதான் வரவில்லை. அக்கா, பேட்டரி ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறாது என்று நினைக்கிறேன்.

இப்போது ஊசி ஏன் பேசவில்லை? வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்? தங்கச்சிமடத்தில் எங்கே இருந்தாலும் பக்கம்தான். காற்றில் வருகிற உப்புத்தூள் எல்லாவற்றின் மேலும் படியும். ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும், நம் பக்கம் ராத்திரியில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமா? செம்பு, பித்தளை எங்கே இருந்தாலும் பச்சை பூக்கும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிறவரை மண்டபத்தோடு சரி. ஒரு நூல் தடிமன் ஊசி எம்மாத்திரம். டார்ச் அடித்துச் சார்ஜர் முனைக்குள் பாருங்கள்.

பாசிக்கணக்கு

பேட்டரி ஏறவில்லை, நீங்கள் சொன்னது சரி. "பிளக்டு இன், நாட் சார்ஜிங்" என்று வருகிறது, இவ்வளவு நாள் பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனைக்குள் பார்த்தேன். ஊசியின் அடியில் பச்சையாக, தயிர் திரிந்த மாதிரி ஏதோ இருக்கிறது. எதை வைத்துத் துடைக்க? என் வீட்டுக்காரர் உப்புத்தாள் எடுத்துவிட்டார், நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வயர்லெஸ் பாம்பன்

நிறுத்தியது நல்லது! உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும், அடுத்த வாடைக்காற்றுக்குள் இன்னும் வேகமாகப் பூக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணையுங்கள், வெறும் தூக்கம் இல்லை, முழுதாக அணையுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 விழுக்காடு என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள், கைக்குத் தடவுகிற சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் இருக்கும். ஒரு பழைய குழந்தை டூத்பிரஷ்ஷை அதில் நனைத்து முனைக்குள் மெதுவாகச் சுற்றுங்கள், ஊசி வளைந்துவிடாமல். பச்சை பெயர்ந்து வரும், துணியில் துடைத்துவிட்டு மறுபடி. லேப்டாப் பக்கத்துத் துளைக்குள் பிரஷ் போகாது, பல்குச்சி முனையில் கொஞ்சம் பஞ்சு சுற்றி விடுங்கள், பஞ்சு உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. காய்ந்த பிறகு சொருகுங்கள்.

அது நிற்காமல் மறுபடி 0.39க்கு வந்தால் ஊசியிலிருந்து போகிற வயர் முனைக்குப் பக்கத்தில் அறுந்திருக்கும், மூன்று வயரில் அதுதான் மெல்லியது, மடங்கி மடங்கி முதலில் போவதும் அதுதான். அப்போது சார்ஜரை மாற்றத்தான் வேண்டும். அதே வாட், அதே கம்பெனி. டூப்ளிகேட்டில் அந்தச் சில்லு பல நேரம் இருக்காது, இருந்தாலும் சில நேரம் லேப்டாப் ஏற்காது, திரும்ப இதே கதை.

சாயல்குடி கேமர்

சரிண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்ஜரும் நன்றாக இருந்து, சென்சார்தான் கெட்டுப்போய்ப் பூட்டிக்கொண்டால்? அப்போதும் டிக்கை எடுக்கக் கூடாதா?

மண்டபம் கேம்ப்

அது வேறு விஷயம், அப்போது வேறு வழியில்லாமல் எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் சென்சார்தான் கெட்டது என்று நிரூபித்த பிறகு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலைப் போட்டால் எதனால் வேகம் குறைந்தது என்று தனித்தனியாகக் காட்டும், சூட்டாலா, வெளியிலிருந்து வந்த பிராக்ஹாட்டாலா, மின்வரம்பாலா என்று. ஒன்றும் பார்க்காமல் முதல் வேலையாக டிக்கை எடுப்பதைத்தான் வயர்லெஸ் அண்ணன் திட்டினார். குறைந்த வாட் சார்ஜரில் பூட்டை எடுத்து முழு வேகத்தில் ஓட்டினால் சார்ஜர்தான் சுடும், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்.

பாசிக்கணக்கு

ராமேஸ்வரத்தில் ஆல்கஹால் கிடைக்கவில்லை, தம்பி ராமநாதபுரத்திலிருந்து வாங்கி அனுப்பினான். துடைத்தேன், பிரஷ் பச்சையாகிவிட்டது. காயவைத்துச் சொருகினேன்: 2.8, 2.9, பேட்டரியும் ஏறுகிறது. வயரை முனைப்பக்கம் ஆட்டிப் பார்த்தேன், வேகம் விழவில்லை, ஆகவே வயர் இன்னும் தாங்குகிறது போல. லேப்டாப் திறக்கும்போது எப்போதும் சார்ஜரைப் பற்றி ஏதோ ஆங்கிலத்தில் எழுத்து வரும், ஒரு பட்டனைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன், அதுவும் இப்போது வரவில்லை.

பணம் பிரிக்கிற நாள் நல்லபடியாக முடிந்தது. 100 திரும்ப வரவில்லை. வாரத்தில் ஒரு இரவு தம்பி வீட்டுக்கு அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம், அப்டேட்டும் ஸ்கேனும் அங்கேயே முடியட்டும்.

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. வயர்லெஸ் அண்ணே, மறுபடி பூக்காமல் இருக்க என்ன செய்வது?

வயர்லெஸ் பாம்பன்

பூக்காமல் இருக்க ஊரை மாற்ற வேண்டும். பூப்பதைத் தள்ளிப்போடலாம். சார்ஜரை ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள், வேலை முடிந்ததும் இறுக்கமாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள், செருப்பு டப்பாவில் வருமே அதுதான், ஆனால் பழையது ஈரம் குடித்து நிறைந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். லேப்டாப்பை பாலிதீன் பையில் கட்டி வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய, ஈரத்தோடு கட்டினால் உள்ளேயே வேகும், வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை ஆல்கஹால் போட்டுவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேன் துளை வழியாக மணலும் போகும், சத்தம் கரகரவென்று மாறினால் திறந்து துடைக்கக் கொடுங்கள்.

ரேகைக்கடை

என் கதையும் முடிந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கைரேகைக் கருவி இல்லை, பிரிண்டர் இல்லை, அவையெல்லாம் சொருகியிருந்த யுஎஸ்பி ஹப்தான், ஒரு துளையைப் பல துளையாக்குகிற சின்னப் பெட்டி. பிடுங்கியவுடன் இன்டரப்ட்ஸ் 0.1. ஹப்பைத் திறந்து பார்த்தால் அதிலும் பச்சை. வயர்லெஸ் காக்கா பாஷையில் சொன்னால் அது பேசவில்லை, உளறிக்கொண்டே இருந்திருக்கிறது. கைரேகைக் கருவியை இப்போது நேராக லேப்டாப்பில் சொருகிவிட்டேன்.

தொண்டியான்

ஆஃப்லைன் ஸ்கேனில் ரெண்டு சிக்கியது. ஃபேன் அடங்கிவிட்டது. பையனை இன்னும் பார்க்கவில்லை.

நவபாஷாணம்

நான் வருடாவருடம் ஃபார்மேட் அடிப்பதற்கு முன்பு இனிமேல் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கிறேன், சரியா. ஒரே ஒரு சந்தேகம். அக்காவுடையது விண்டோஸ் 10. அதற்கு ஆதரவு நின்றுவிட்டதாமே, 11 போட்டுவிடலாமா?

மண்டபம் கேம்ப்

2025 அக்டோபர் 14ஓடு நின்றது. ஏழாம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, ஓரிரு விதிவிலக்கைத் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்குக் கணினிக்கு நான் சொல்ல மாட்டேன். வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு ஏற்பாடு 2026 அக்டோபர் 13 வரை உண்டு, அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும், அக்கா அடுத்த தடவை தம்பி வீட்டுக்கு அனுப்பும்போது அதையும் செய்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு உச்சிப்புளித் தம்பியின் லினக்ஸ் நல்ல வழிதான், எக்செல் கோப்பு லிப்ரே ஆபீஸில் சரியாகத் திறக்கிறதா, சூத்திரமெல்லாம் அப்படியே வருகிறதா என்று விண்டோஸிலேயே அதைப் போட்டு முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி லினக்ஸ்

கோப்பில் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு மாதிரி அனுப்புங்கள் அக்கா, நான் இங்கே திறந்து பார்த்துச் சொல்கிறேன்.